அய்யா ஏற்காத சீட்டு

அய்யா உண்டு.



குமரியிலும் நெல்லையிலும் பிறந்து பிழைப்புக்காக நீலகிரி மலையேறி வந்த குடும்பங்கள் பல. உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கடை வைத்தவர்கள் உண்டு. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் உண்டு. தொழிற்சாலையிலும் அரசு அலுவலகத்திலும் பணி செய்வோரும் உண்டு. தெட்சணத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகி வந்தாலும், மாசி 20 வந்துவிட்டால் நம் மனம் சுவாமிதோப்பின் வெள்ளை மணலில்தான் நிற்கும். போக முடிந்தவர்கள் போகிறோம். முடியாதவர்கள் இருந்த இடத்திலேயே விளக்கேற்றி, நாமம் இட்டு, அய்யாவை நினைக்கிறோம்.

இந்த மலையில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். அய்யாவைச் சிறையில் அடைத்தது திருவிதாங்கூர் அரசு. அந்த அரசும் போயிற்று, அரசனும் போனான். இன்று ஓட்டு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. பிறகு அந்தப் பழைய கதை நமக்கு எதற்கு என்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் அய்யாவின் வாழ்விலேயே இருக்கிறது. ஓர் அரசு தன் குடியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது? விடுதலை என்பது ஒருவர் கொடுக்க இன்னொருவர் வாங்கிக்கொள்ளும் பொருளா? ஒருவன் நெஞ்சில் குடியிருக்கும் இறைவனைப் பற்றி விசாரணை நடத்த அரசனுக்கு என்ன உரிமை? இந்த மூன்று கேள்விகளையும் அய்யா ஏட்டுக் கல்வியால் ஆராயவில்லை. தம் உடம்பாலும் வாழ்வாலும் ஆராய்ந்து காட்டினார். அந்த வாழ்வை இந்த நோக்கில் ஒருமுறை நினைத்துப் பார்ப்போம்.

பெயருக்கும் வந்த தடை

1809-ஆம் ஆண்டு, அன்றைய தென்திருவிதாங்கூரில், இன்று சுவாமிதோப்பு என்று நாம் வணங்கும் ஊரில், பொன்னு நாடார் - வெயிலாள் அம்மை தம்பதியருக்கு மகனாக அய்யா தோன்றினார். பெற்றோர் ஆசையோடு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். எளிய குடிசையில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று மேல்சாதியார் கொதித்தார்கள். அரசாங்கத்தின் ஆட்களும் அவர்கள் பக்கமே நின்றார்கள். பெற்றோர் வேறு வழியின்றி முத்துக்குட்டி என்று பெயரை மாற்றினார்கள்.

இதைச் சின்னச் செய்தியாக எண்ண வேண்டாம். பெற்ற தாய் தன் பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது வரை ஓர் ஆட்சியின் கை நீண்டிருந்தது. வயலில், சந்தையில், பாதையில் மட்டும் அந்த ஆட்சி நிற்கவில்லை. தொட்டில் அருகிலும் வந்து நின்றது.

வரியும் ஊழியமும்

அக்காலத்து எளிய மக்கள் பட்ட பாட்டை நம் ஏடு விரிவாகச் சொல்கிறது. வரலாற்று ஆவணங்களும் அதையே சொல்கின்றன. பதினாறு வயது ஆனவுடன் ஆணுக்குத் தலைவரி. பனைக்கு வரி. பனையேறச் சார்த்தும் ஏணிக்கு ஏணிக்காணம்; காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணம். குடிசைக்கு வரி. பனையேறி ஒருவன் காலையில் வீட்டை விட்டு இறங்கி மரத்தில் ஏறுவதற்குள் எத்தனை வரிக்கு ஆளானான் என்று எண்ணிப் பாருங்கள்.

வரி கொடுத்தாலும் விட்டார்களா? ஊழியம் என்ற பெயரில் கூலியில்லா வேலை. அரண்மனைக்கும் கோயிலுக்கும் அதிகாரிக்கும் சுமை சுமக்க வேண்டும். கூப்பிட்ட நேரத்தில் போகாவிட்டால் அடி. வீட்டில் அடுப்பு எரிந்ததா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்பாரில்லை.

இதற்கும் மேலே உடம்பின் மீதே சட்டம் இருந்தது. பெண்கள் மார்பை மறைக்க மேலாடை அணியக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது. யார் முன்னால் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கும் கணக்கு இருந்தது.

வரி கேட்பது எந்த அரசுக்கும் வழக்கம். சாலை போடவும் குளம் வெட்டவும் பணம் வேண்டும் என்று சொன்னால் குடிகள் கொடுப்பார்கள். அங்கே நடந்ததோ வேறு. உழைப்பை எடுத்துக்கொண்டதோடு நில்லாமல், நீ தாழ்ந்தவன் என்று நீயே நம்ப வேண்டும் என்றும் அந்த அரசு கேட்டது. குனிந்த தலையும் திறந்த மார்பும் கைகட்டிய நிலையும் அந்த நம்பிக்கைக்கு நாள்தோறும் போட வேண்டிய ஒப்பம். அந்த ஒப்பம் கிடைக்கும்வரை கலியின் ஆட்சிக்குக் கோட்டையே தேவையில்லை. ஆளப்படுகிறவன் மனத்திலேயே அது கோட்டை கட்டிக்கொள்கிறது.

கடலும் தவமும்

இளமையில் முத்துக்குட்டி கடும் நோய்க்கு ஆளானார். இருபத்து நான்காம் வயதில், கொல்லம் 1008 மாசி மாதம், அதாவது 1833-இல், தாய் வெயிலாள் அம்மையும் உறவினரும் அவரைத் தொட்டிலில் கிடத்தித் திருச்செந்தூருக்குச் சுமந்து சென்றார்கள். அங்கே எழுந்து நடந்து கடலுக்குள் சென்றார். மகன் போய்விட்டான் என்று தாய் கரையில் நின்று கதறினார். மூன்றாம் நாள், மாசி 20, நாராயணரின் திருமகனாக, வைகுண்டராக, அவர் கரையேறினார். தாய் ஓடி வந்து மகனே என்று அணைக்கப் போனபோது, தாம் இனி ஒரு வீட்டுப் பிள்ளையல்ல, உலகோர் யாவர்க்கும் உரியவர் என்பதை அவருக்கு உணர்த்தினார்.

திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகவே நடந்து தெட்சணம் வந்து தவம் தொடங்கினார். ஆறு ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள் நின்று தவம். அடுத்த இரண்டு ஆண்டு தரையில் அமர்ந்து தவம். கடைசி இரண்டு ஆண்டு உயர்ந்த பீடத்தில் தவம். முதல் தவம் கலியை அறுக்க, இரண்டாவது சான்றோர் குலம் தழைக்க, மூன்றாவது பெண்மக்கள் மேன்மையுற என்று நம் பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள்.

பூமிக்குள் இறங்கி நின்றவர் பிறகு தரைக்கு வந்தார். தரையிலிருந்து பீடத்துக்கு உயர்ந்தார். ஒரு மக்கள் கூட்டம் எப்படி எழ வேண்டும் என்பதை வாயால் சொல்லாமல் உடம்பாலேயே அவர் எழுதிக் காட்டியதாக நாம் கொள்ளலாம்.

அதே நாளில் நம் மலையில்

மலையில் வாழும் நாம் இங்கே ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அய்யா குழிக்குள் நின்று தவம் இருந்த 1834-ஆம் ஆண்டில், இதே உதகையில், இந்தியாவை எப்படி ஆள்வது என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க் பிரபு உடல்நலம் தேறுவதற்காக அப்போது உதகையில் தங்கியிருந்தார். அவரது ஆலோசனைச் சபைக்குச் சட்ட உறுப்பினராக இங்கிலாந்திலிருந்து வந்தவர் தாமஸ் மெக்காலே. சென்னையில் கப்பலைவிட்டு இறங்கிய அவரை ஏறத்தாழ 400 மைல் தூரம் மனிதர்களே தோளில் சுமந்து உதகைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பின்னாளில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவை எழுதிய குழுவுக்குத் தலைமை ஏற்றவர் இவரே.

அவர்கள் கையில் இருந்தது 1833-ஆம் ஆண்டின் சாசனச் சட்டம். மதம், பிறந்த இடம், வம்சம், நிறம் ஆகியவற்றைக் காரணம் காட்டி எந்த இந்தியனுக்கும் அரசுப் பதவியை மறுக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. நல்ல சொல்தான். ஆனால் பல்லக்கைச் சுமந்தவர்களுக்கு அந்தச் சொல்லால் அன்றைக்கு என்ன கிடைத்தது? இந்திய மக்கள் இன்னும் தம்மைத் தாமே ஆளத் தகுதி பெறவில்லை, கல்வி பெற்ற பின் என்றோ ஒரு நாள் அந்த உரிமையைக் கேட்கலாம் என்பதே மெக்காலேயின் எண்ணம். சுதந்திரம் நல்லது, அதற்கு நீ தயாராகிவிட்டாயா என்பதை நான் பார்த்துச் சொல்கிறேன் என்பது போன்றது அது.

நல்ல மனம் கொண்ட அதிகாரிகளும் இருந்தார்கள். உதகையை உருவாக்கிய கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், இந்த மலை நிலத்தில் தோடர்களுக்கு உரிமை உண்டு, அவர்களை மீறி எடுக்கக் கூடாது என்று வாதாடினார். மேலிடத்தில் அவருக்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. மேலே உள்ளவரின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருக்கும் உரிமை, அவர் மாறினால் போய்விடும் என்பதற்கு இந்த மலையே சாட்சி.

உதகையில் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் அமர்ந்து ஆட்சியைப் பற்றிப் பேசியவர்கள் ஒருபுறம். தெட்சணத்தில் மண்குழிக்குள் நின்று அதே கேள்வியை எதிர்கொண்டவர் ஒருபுறம். திருவிதாங்கூர் மன்னனையும் வெள்ளையனையும் சேர்த்தே நீசன் என்று நம் ஏடு குறிக்கிறது. ஒருவனிடமிருந்து தப்ப இன்னொருவனிடம் போய் நிற்கும்படி அய்யா சொல்லவில்லை. விடுதலைக்குத் தகுதிச் சான்று தரும் அதிகாரி எவரும் இல்லை, மனிதனாய்ப் பிறந்ததே தகுதி என்பது அவர் வழி.

கிணறும் பந்தியும்

தவம் நடந்த காலத்திலேயே மக்கள் திரளாக வந்தார்கள். அய்யா அவர்களுக்கு மண்ணும் தண்ணீரும் கொடுத்தார். நோய் தீர்ந்தது. அதைவிடப் பெரிய நோயான பயமும் தீரத் தொடங்கியது. பேய்க்கு ஆடு கோழி அறுக்க வேண்டாம், காணிக்கை கட்ட வேண்டாம், மந்திரவாதிக்கு அஞ்ச வேண்டாம் என்றார். அதுவரை எளியவனின் சம்பாத்தியத்தில் அரசு தின்றது போக மீதியைப் பயம் தின்றுகொண்டிருந்தது. அய்யா முதலில் அந்த வாயை அடைத்தார்.

முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகத் தண்ணீர் இறைத்துக் குளித்தார்கள். ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள். இன்றைக்கு இது நமக்கு எளிதாகத் தோன்றும். ஒருவர் நிழல் இன்னொருவர் மேல் படுவதே குற்றமாக இருந்த காலத்தில் ஒரே வாளிக் கயிற்றைப் பல கைகள் பிடித்தன. அரசுக்கு எதிராக அங்கே ஒரு கல்கூட எறியப்படவில்லை. ஆனால் அந்த அரசு எதன் மேல் நின்றதோ அந்தத் தூண் அசைந்தது.

ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். வெளியே எந்தத் துணியைக் கட்டினால் அடி விழுமோ அதே துணி பதிக்குள் வழிபாட்டின் அடையாளம் ஆயிற்று. பள்ளியறையில் கண்ணாடி. வணங்க வந்தவன் அங்கே தன் முகத்தைக் காண்கிறான். நாள்தோறும் நீ தாழ்ந்தவன் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய ஒருவன், இறைவன் இருக்கும் இடத்தில் தன் முகம் தெரிவதைக் கண்டால் அவனுள் என்ன நடக்கும்! எந்த மன்னனின் ஆணையாலும் அதை அழிக்க முடியாது.

மன்னனின் விசாரணை

இவ்வளவும் நடந்தபின் அரசு சும்மா இருக்குமா? கோள் சொன்னார்கள். அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் சுவாதித் திருநாள். இசையிலும் கலையிலும் பெயர் பெற்றவர். 1829 முதல் 1846 வரை ஆட்சி செய்தவர். அவர் சுசீந்திரத்துக்கு வந்திருந்தபோது அய்யாவைப் பற்றிய புகார் அவர் முன் சென்றது. ஆயர் குலத்தைச் சேர்ந்த பூவண்டர் அய்யாவுக்காகப் பேசி, அவருக்குத் தீங்கு செய்ய வேண்டாம் என்று மன்னருக்கு அறிவுரை கூறினார் என்று ஏடு கூறும். மன்னர் கேட்கவில்லை. படை வந்தது.

கூடியிருந்த மக்கள் கொதித்தெழுந்தார்கள். எண்ணிக்கையில் அவர்களே அதிகம். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், வந்தவர்கள் திரும்பிப் போயிருக்க மாட்டார்கள். அய்யா அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பொறுத்திருக்கும்படி அவர்களை அமர்த்திவிட்டுத் தாமே எழுந்து நடந்தார். வழியெல்லாம் அடியும் அவமானமும் பட்டார்.

மன்னர் ஒரு சோதனை வைத்தார். தம் மோதிரத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு, உள்ளே இருப்பது என்ன என்று அய்யாவிடம் கேட்டார். தெய்வமானால் சொல்லட்டும் என்பது எண்ணம். அய்யா மௌனமாக இருந்தார்.

அன்பர்களே, இந்த மௌனத்தை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். மோதிரம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மன்னர் மகிழ்ந்து மாலையிட்டு அரண்மனைச் சாமியாராக வைத்துக்கொண்டிருப்பார். இவர் மெய்த்தெய்வம் என்று அரசமுத்திரை குத்தியிருப்பார். அன்றோடு தெய்வம் அரசனுக்குக் கீழே போயிருக்கும். நம்பிக்கை மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை அரசனிடம் ஒப்படைத்தால், இன்று மெய் என்று சொன்னவன் நாளை பொய் என்றும் சொல்வான். அந்த நாற்காலியில் மன்னரை உட்கார வைக்க அய்யா இசையவில்லை.

சிங்காரத்தோப்பு

அய்யாவைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தார்கள். பாலில் நஞ்சு கலந்து கொடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாயில் இட்டார்கள். மிளகாய்ப் புகையில் அடைத்தார்கள். பசித்த புலியின் கூண்டுக்குள் தள்ளினார்கள். எதுவும் அவரை ஒன்றும் செய்யவில்லை. புலி பணிந்து படுத்தது. வேலால் குத்தி அதைச் சீண்டிவிட முயன்றபோது கேடு வந்தது கூண்டுக்கு வெளியே நின்றவருக்குத்தான் என்று ஏடு சொல்லக் கேட்டிருக்கிறோம்.

நூற்றுப்பத்து நாட்கள் இப்படிக் கழிந்தன. சிறைக்கு வெளியே மக்கள் போய் வந்துகொண்டே இருந்தார்கள். அரசுக்கு இப்போது அவரை உள்ளே வைத்திருப்பதும் சங்கடம், விடுவதும் சங்கடம். அப்போதுதான் அந்தச் சீட்டு வந்தது.

சீட்டில் இருந்த நிபந்தனை பார்வைக்கு எளியது. அய்யா தம் சொந்தச் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்ள வேண்டும். மற்றச் சாதியாரைக் கூட்டிச் சேர்க்கக் கூடாது. ஒப்புக்கொண்டால் உடனே வீட்டுக்குப் போகலாம்.

அரசின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். அய்யாவின் வழிபாட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. தவத்தை விடச் சொல்லவில்லை. தலைப்பாகையை அவிழ்க்கக்கூடச் சொல்லவில்லை. உன் கூட்டத்துக்கு நீ சாமியாக இரு, எனக்குக் கவலையில்லை என்றது. ஒரு சாதிக்கு ஒரு சாமி என்றால் நாட்டில் அதுபோல் ஆயிரம் இருக்கலாம். ஆயிரம் வேலிக்குள் ஆயிரம் கூட்டம் அடங்கியிருந்தால் வேலிக்காரனுக்கு என்ன நட்டம்? எல்லாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தால்தான் அவனுக்கு ஆபத்து.

அய்யா அந்தச் சீட்டை ஏற்கவில்லை. கிழித்தெறிந்தார் என்பது நம் மரபு. தாம் வந்தது ஒரு சாதிக்காக அல்ல என்பதில் எள்ளளவும் விட்டுக்கொடுக்கவில்லை. வெளியே வர வேண்டிய நாள் வந்தபோது, மாசி 19 அன்று, எந்த நிபந்தனையும் இன்றியே வெளியே வந்தார். அரசு பூட்டைத் திறந்தது. ஆனால் அந்த விடுதலையை அரசு கொடுத்தது என்று யாரும் சொல்ல முடியாது. கையெழுத்து வாங்காமல் விட்டவன் எதையும் கொடுத்தவனாக ஆகமாட்டான். அந்த நாளை நினைத்தே இன்றும் மாசி 19 அன்று திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வாகன ஊர்வலம் வருகிறது. மறுநாள் நாகர்கோவிலிலிருந்து தலைமைப்பதிக்கு நடைப்பயணம் செல்கிறது.

தன்னைத் தானே ஆள்வது

சிறையிலிருந்து வந்தபின் அய்யா என்ன செய்தார்? பழிவாங்கப் படை திரட்டினாரா? எழுநூறு குடும்பத்தாரை வாகைப்பதியிலும் பின்னர் முட்டப்பதியிலும் தங்கவைத்துத் துவையல் தவசு இருக்கச் செய்தார். நாள்தோறும் கடலில் நீராடி, உடுத்த துணியைத் துவைத்து, மிதமாக உண்டு, ஒழுக்கத்தோடு வாழப் பழகினார்கள். அழுக்கானவன் என்று ஒதுக்கப்பட்டவர்கள் மேல்சாதியாரும் வியக்கும் தூய்மையோடு அங்கிருந்து திரும்பினார்கள்.

விடுதலையைப் பற்றி அய்யா சொல்லித்தந்த இரண்டாவது பாடம் இது. வெளியிலிருக்கும் கட்டு அறுந்தால் மட்டும் ஒருவன் விடுதலை அடைந்தவன் ஆகமாட்டான். தன் நாக்கை, தன் கோபத்தை, தன் சோம்பலை ஆளத் தெரியாதவனை எந்த அரசும் எளிதில் ஆளும். ஒரு குப்பி சாராயத்துக்கும் ஒரு பொய்வாக்குக்கும் அவன் விலைபோவான். தன்னைத் தானே ஆண்டுகொள்பவர்கள் எழுநூறு குடும்பம் இருந்தால் போதும், அவர்களைப் பயமுறுத்தி ஆள்வது கடினம்.

பிறகு ஊர் ஊராகச் சென்றார். செட்டிகுடியிருப்பு, அகஸ்தீஸ்வரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, கடம்பன்குளம், பாம்பன்குளம் என்று நிழல் தாங்கல்கள் எழுந்தன. சின்னக் கூரைதான். ஆனால் அங்கே வழிபாடு நடந்தது, பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள், பசித்தவர்களுக்குச் சோறு கிடைத்தது, வழக்குகள் பேசித் தீர்க்கப்பட்டன. அரசின் கச்சேரிக்குப் போய்க் கைகட்டி நின்றவர்கள் தங்களுக்குள் தாங்களே நீதி பேசிக்கொண்டார்கள். சீடர் அரிகோபாலன் வழியாக அகிலத்திரட்டு அம்மானை உருவாயிற்று. எழுத்து மறுக்கப்பட்ட மக்களிடம் தமக்கென ஓர் ஏடு வந்தது.

கொல்லம் 1026 வைகாசி 21, 1851-ஆம் ஆண்டு, அய்யா வைகுண்டம் ஏகினார். பூவுலகில் அவர் நடந்த காலம் நாற்பத்திரண்டு ஆண்டுகள்தான்.

பின்னால் வந்த சட்டங்கள்

அதன்பின் திருவிதாங்கூரில் ஒவ்வொன்றாகக் கதவு திறந்தது. 1855-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 1859 ஜூலை 26 அன்று நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமையை அரசு அறிவித்தது. 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. 1950 ஜனவரி 26 முதல் தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவும், மனச்சாட்சிக்கும் வழிபாட்டுக்கும் சுதந்திரம் தரும் 25-ஆம் பிரிவும் நாடு முழுவதற்கும் சட்டமாயின.

இவற்றை வரவேற்கிறோம். ஆனால் சட்டம் எப்போதும் நல்ல திசையில் மட்டும் நடப்பதில்லை என்பதையும் நினைவில் வைப்போம். தென்திருவிதாங்கூரில் மேலாடை உரிமை வந்த அதே 1859-இல், பிரிட்டிஷ் அரசு 13-ஆம் சட்டத்தைக் கொண்டுவந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அவனுக்குத் தண்டனை என்றது அந்தச் சட்டம். தோட்ட முதலாளிகளுக்கு அது பேருதவி ஆயிற்று. கங்காணியிடம் வாங்கிய சில ரூபாய்க்காக எத்தனை பேர் மலையிலேயே கட்டுண்டார்கள்! ஊழியம் வேறு பெயரில் மலையேறி வந்தது. 1925 வரை அந்தச் சட்டம் நீடித்தது. தோட்டத் தொழிலாளிக்கு வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் என்று உரிமைகளை வகுத்த சட்டம் வந்தது 1951-இல்.

இலங்கையின் கதையும் இந்த மலைக்கு அந்நியமல்ல. அங்கே தேயிலையை வளர்த்த தமிழர்களில் பெரும்பாலோரை 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் இரு நாட்டு அரசுகளும் அமர்ந்து அவர்களை எண்ணிக்கை போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டன. அப்படித் தாயகம் திரும்பிய குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் இன்றும் நம் அண்டை வீட்டார். பிறந்த மண் உன்னுடையதா இல்லையா என்பதை ஒரு சீட்டு தீர்மானித்தது. அரசு கொடுத்ததை அரசு எடுத்தும் விடும் என்பதை அவர்களைக் கேட்டால் நமக்குச் சொல்வார்கள்.

அதனால்தான் அய்யா விடுதலையின் வேரை அரசின் கையில் வைக்கவில்லை. மனிதனுக்குள் இருக்கும் இறைவனில் வைத்தார். சட்டம் அந்த வேருக்கு வேலி கட்டலாம், தண்ணீர் ஊற்றலாம். வேரையே சட்டத்திடம் கேட்டால் மரம் நிற்காது.

இப்போது நம் முன் இருக்கும் சீட்டு

பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். அந்த அரசனும் இல்லை, சிங்காரத்தோப்புச் சிறையும் இல்லை. ஆனால் அந்தச் சீட்டு மட்டும் இன்னும் இருக்கிறது. இன்று அதை நம்மிடம் நீட்டுவது அரசன் அல்ல. சில வேளை நாமே ஒருவரிடம் ஒருவர் நீட்டிக்கொள்கிறோம்.

அய்யா எங்கள் சாதிச் சாமி என்று பெருமையாகச் சொல்லும்போது அந்தச் சீட்டில் நாம் கையெழுத்துப் போடுகிறோம். தாங்கலுக்குப் புதிதாக ஒருவர் வந்தால் எந்த ஊர், யார் வீடு என்று சுற்றி வளைத்துச் சாதி கேட்கும்போது கையெழுத்துப் போடுகிறோம். பந்தியில் தோட்டத் தொழிலாளி ஓர் ஓரமாகவும் கடை முதலாளி நடுவிலும் அமர்ந்தால், அப்போதும் கையெழுத்துப் போடுகிறோம். நூற்றுப்பத்து நாள் நஞ்சையும் நெருப்பையும் தாங்கிக்கொண்டு அய்யா மறுத்த ஒன்றை, ஒரு துன்பமும் இல்லாமல் நாம் இலவசமாக ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

இந்த மலையில் படகர் இருக்கிறார்கள், தோடர், கோத்தர், இருளர், குறும்பர் இருக்கிறார்கள். சமவெளியிலிருந்து பல காலங்களில் வந்த பல சாதியார் இருக்கிறார்கள். தாயகம் திரும்பியோர் இருக்கிறார்கள். அவரவர் வழிபாடு அவரவர்க்கு உண்டு. அதில் நாம் தலையிட வேண்டியதில்லை. நம்பிக்கையை யாரும் யார் மீதும் திணிக்கக் கூடாது என்பதும் சிங்காரத்தோப்பு நமக்குக் கற்றுத்தந்ததே. ஆனால் விளக்கைப் பார்த்து ஒருவர் வாசலில் வந்து நின்றால், உள்ளே அழைத்து நாமம் இட்டு, நமக்குப் பக்கத்திலேயே இலை போட வேண்டும். பனிக்காலத்து இரவில் சூடான சோறு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இனிக்கும்.

சட்டப்படி வரி கட்டுவோம். ஓட்டைக் காசுக்கு விற்காமல் போடுவோம். அநியாயம் நடந்தால் அஞ்சாமல் கேட்போம். கேட்கும்போதும் கை ஓங்காமல் பொறுமையோடு கேட்போம். எந்த அதிகாரியின் முன்னும் தலைப்பாகை கட்டியவனின் நிமிர்வோடு நிற்போம். நம்மைவிட எளியவர் நம் முன் வரும்போது, அவர் நிமிர்ந்து நிற்க இடம் கொடுப்போம். திருஏடு வாசிப்பில் சிறைப் படலம் வரும் நாளில் பிள்ளைகளைக் கட்டாயம் பக்கத்தில் உட்கார வைப்போம். புலியும் நெருப்பும் வரும் இடத்தில் அவர்கள் கண் விரியக் கேட்பார்கள். சீட்டு வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அதில் என்ன எழுதியிருந்தது என்பதை விளக்கிச் சொல்லுங்கள்.

எல்லாரும் ஒன்றெனக் காணும் தர்மயுகம் மலர அய்யா துணை நிற்பார்.

அய்யா உண்டு.